தேதி போடாத கையெழுத்துகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாருடைய கையெழுத்தையும் போலியாகப் போடவில்லை. அந்தக் கையெழுத்துகள் எல்லாம் அவரே, அவருடைய கையால், அவருடைய பேனாவால் போட்டவை. நான் எழுதியது தேதி மட்டும்தான். ஒரு தேதி எழுதுவதில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் அலுவலகம், ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒத்தாசை பண்ணுவதற்காக அரசாங்கம் திறந்து வைத்திருப்பது. மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. அதிகாரியாகச் சார் ஒருவர், கண்காணிப்பாளராக நான், தட்டச்சு செய்ய ஒரு பெண், அப்புறம் பியூன். பியூனுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. காதில் விழுந்ததை அரை மணி நேரத்தில் நாலு மாடிக்கும் ஒலிபரப்பிவிடுவார். வெளிநாட்டுக் கண்காட்சியில் கடை போட இடம் வாங்கித் தருவோம், கப்பல் கட்டணத்தில் சலுகைக்கு எழுதிக் கொடுப்போம். ஆனால் ஜனங்கள் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வருவது முக்கியமாக ஒரு தாளுக்காக. இந்தச் சரக்கு எங்கள் நாட்டில்தான் செய்யப்பட்டது என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துத் தரும் சான்றிதழ். எங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் ஒரு நாட்டின் துறைமுகத்தில் அதைக் காட்டினால் வரி கிடையாது. காட்டாவிட்டால் வரியைப் போட்டுத் தீட்டிவிடுவார்கள், வாங்குகிறவர் சரக்கை எடுக்கவே வரமாட்டார்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. யார் கையெழுத்துப் போடுவாரோ அவருடைய மாதிரிக் கையெழுத்து அந்த நாட்டுச் சுங்கத்துறையில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். வருகிற ஒவ்வொரு தாளையும் மாதிரியோடு வைத்துப் பார்ப்பார்கள். சுழி மாறினால் போச்சு. அதிகாரி மாறினால் புதியவரின் மாதிரியை அனுப்பி, அது இங்கே இருக்கும் அமைச்சகம், அங்கே இருக்கும் அமைச்சகம் என்று ஊர்சுற்றி, பட்டியலில் ஏறுவதற்கு மூன்று மாதம் ஆகும். அதுவரை அவர் போடுகிற கையெழுத்து வெறும் கிறுக்கல்.

அப்படியானால் அதிகாரி இரண்டு நாள் வெளியூர் போனால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். வெற்றுப் படிவங்களில் சார் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேதியை மட்டும் விட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நாளுக்கு இரண்டு தாள் என்று கணக்கு. ஒரு நாள் விடுப்பா, இரண்டு தாள். இரண்டு நாளா, நான்கு. சட்டப்படி இது பெரிய தப்பு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சரக்கு கப்பலில் ஏறிவிட்டதே, அதற்குச் சட்டம் தெரியுமா?

பதினான்கு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எந்த அதிகாரியோடும் ஆறு மாதம் தாண்டியதில்லை. இவரோடு எப்படித் தாண்டியது என்றால், நான் கத்தும்போது இவர் கேட்டுக்கொண்டிருப்பார். முடித்ததும், "சரிம்மா, இப்ப அந்த ஃபைலக் குடு," என்பார். அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்னப் பட்டறைக்காரர்களைப் பிடித்து, "வெளிநாட்டுக்கு அனுப்புங்க, பயப்படாதீங்க, அரசாங்கம் உங்க பின்னாடி நிக்குது," என்று சொல்லிச் சொல்லியே அவர்களை ஏற்றுமதிக்காரர்களாக ஆக்கியவர். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கால்மிதி செய்யும் அம்மா. நாற்பது பெண்களை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். போன வருடக் கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கப்பல் கட்டணச் சலுகை ரத்து. அதுவும் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியிலிருந்து ரத்து. வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்ட முடியாமல் அந்த அம்மா பட்டறையை மூடிவிட்டார்.

மூடிய பிறகு ஒரு நாள் வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நான் தயாராக எழுந்து நின்றேன். அவர் சண்டை போடவில்லை. சார் முன்னால் உட்கார்ந்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் இறங்கினேன்," என்றார்.  கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். அன்றையிலிருந்து சார் பேச்சைக் குறைத்துவிட்டார். வேலை மட்டும் மணியடித்த மாதிரி நடந்தது. நான் கத்தினால்கூட அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

அதன் பிறகுதான் அந்தத் துறைமுகப் பயணம். புதிதாகக் கட்டியிருக்கும் சரக்கு இறங்குதுறையைப் பார்வையிட இரண்டு நாள் நிகழ்ச்சி. முதல் நாள் மத்தியானம் விசைப்படகில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகும்போது பதினோரு பேர், திரும்பும்போது பத்துப் பேர். யாரும் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. சார் படகின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார் என்று ஒருவர் சொன்னார். மூன்று நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. விசாரணை வைத்து, பணியின்போது நேர்ந்த விபத்தில் மரணம் என்று துறை ஒரு கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தை, நான் அக்கா என்று கூப்பிடும் சாரின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அக்கா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். எரிக்கவோ புதைக்கவோ எதுவும் இல்லாத வீட்டில் அழுவதற்குக்கூட ஒருவருக்கும் ஆரம்பிக்கத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சாரின் மேசையை நான் ஒழுங்குபண்ண வேண்டியிருந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது, என் மாதிரிக் கையெழுத்தும் ஊர்சுற்றக் கிளம்பியிருந்தது. கீழ் இழுப்பறையைத் திறந்தேன். நூல் போட்டுக் கட்டிய கட்டு ஒன்று. எல்லாம் சான்றிதழ்ப் படிவங்கள். எல்லாவற்றிலும் சாரின் கையெழுத்து, முத்திரை, காலியான தேதிக் கட்டம்.

எண்ணினேன். நூற்றிருபது.

இரண்டு நாள் பயணத்துக்கு நான்கு தாள். அதை அவர் கிளம்பிய அன்றே வழக்கம்போல என் கையில் கொடுத்திருந்தார், அவை தீர்ந்தும் போயிருந்தன. இது வேறு. மூன்று மாதத்தில் அறுபது வேலைநாள், நாளுக்கு இரண்டு. புதிய ஆளின் கையெழுத்து அந்த நாட்டுப் பட்டியலில் ஏறும்வரை எத்தனை தாள் வேண்டுமோ, அத்தனை.  தவறி விழுகிற மனுஷன் இப்படிக் கணக்குப் போட்டு வைத்துவிட்டா விழுவார்? இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினேன். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன். ரேடியோ எட்டிப் பார்த்து, "என்னம்மா, டீ சொல்லவா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம், போய்யா," என்று எரிந்து விழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தத் தாள்களைத் தொடுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் அப்படியே இருந்தேன். அப்போதுதான் மெழுகுவர்த்திக்காரர் வந்தார். எட்டு மணி நேரப் பயணத் தூரத்து ஊர்க்காரர், சார் பிடித்துக் கொண்டுவந்த ஆட்களில் ஒருவர். அவருடைய முதல் கண்டெய்னர் கப்பலேறி அந்த நாட்டுத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மேடம், வெயில்ல நிக்குது மேடம்," என்றார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. "அங்க இப்ப வெயில் காலம். பெட்டிக்குள்ள அடுப்பு மாதிரி இருக்குமாம். பேப்பர் வந்தாத்தான் திறப்பாங்களாம். இன்னும் அஞ்சு நாள் போனா அத்தனையும் உருகி ஒரே கட்டியா நிக்கும். அதை வச்சு நான் என்ன செய்ய, தலைக்குக் குடுத்துப் படுத்துக்கவா?"

சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கால்மிதி அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் இவரும் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து சாரின் அறைக்குள் போனேன். இழுப்பறையைத் திறந்தேன். "சார், இவருக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்," என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தாளை எடுத்து, விவரங்களைத் தட்டச்சுச் செய்யச் சொல்லி, தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினேன். அவர் போய்ப் பதினேழாவது நாள்.

மெழுகுவர்த்திக்காரர் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "சார் எங்க மேடம்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்," என்றார்.

அவருடைய ஊருக்குச் சேதி எட்டவில்லை. செத்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையில் இருந்த தாளில் ஈரம் காயாத தேதிக்குப் பக்கத்தில் அந்தக் கையெழுத்து இருந்தது.

"டூர்ல இருக்காரு," என்றேன்.

அப்புறம் நிற்கவில்லை. நாளுக்கு இரண்டு, சில நாள் ஒன்றோ மூன்றோ. உள்ளூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு விஷயம் தெரியும். தாளை வாங்குவார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பேசாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார்கள். ரேடியோ தினமும் காலையில் சாரின் மேசைமேல் தண்ணீர் டம்ளரை நிரப்பி மூடி வைத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு தாளை எடுக்கும்போதும் நாற்காலியைப் பார்த்து யாருக்கு, என்ன சரக்கு என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். சில சமயம் தேதியை எழுதிக்கொண்டிருக்கும்போது, அவர் வழக்கமாகத் தொண்டையைச் செருமும் சத்தம் உள்ளேயிருந்து கேட்கும். எனக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தட்டச்சுப் பெண்ணும் தலையைத் தூக்கி அந்த அறையைப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி வேலையைப் பார்த்தோம்.

ஒன்றரை மாதம் ஆனபோது அக்கா வந்தார்.

படியேறி வந்ததில் முகம் வியர்த்திருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்தது துக்கம் இல்லை.  கைப்பையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, துறை கொடுத்த மரணக் கடிதம். இன்னொன்று, மெழுகுவர்த்திக்காரரின் சான்றிதழ் நகல்.

"நேத்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. ஒரு பெட்டி மெழுகுவர்த்தியோட," என்றார் அக்கா. "சரக்கு நல்லபடியா போய்ச் சேந்துடுச்சாம். சார் டூர்லேர்ந்து வந்துட்டாரான்னு கேட்டாரு. இதைக் காட்டினாரு. இது அவர் கையெழுத்து. எனக்குத் தெரியாதா?"

"அக்கா, உக்காருங்க."

"இந்தப் பேப்பர் அவர் செத்துட்டார்னு சொல்லுது. இந்தப் பேப்பர் அதுக்கு பதினேழு நாள் கழிச்சு அவர் கையெழுத்துப் போட்டார்னு சொல்லுது. ரெண்டும் உங்க ஆபீஸ் பேப்பர்தான். ரெண்டுலயும் ஒரே முத்திரை. நான் எதை நம்பட்டும்?"

 இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தேன். "தேதி தப்பா விழுந்திருக்கும் அக்கா," என்றேன் கடைசியில்.

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. நான் ஏதோ ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன், அது தனக்குப் புரிகிறது என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு வெக்கம்மா. அந்தக் கால்மிதி அம்மா முகத்துல முழிக்க முடியாம எங்கயோ ஒளிஞ்சிருக்காரு. ராத்திரியெல்லாம் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. எங்க இருக்காருன்னு நான் கேக்கல. சத்தியமாக் கேக்கல. நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லு."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் இல்லை அக்கா, இது முன்னாலேயே போட்டு வைத்த கையெழுத்து என்று நாலு வார்த்தை. சொன்னால், எப்போது போட்டார், எத்தனை போட்டார் என்று கேட்பார். அந்த எண்ணிக்கையைச் சொன்னால் எனக்குப் புரிந்தது அவருக்கும் புரியும். கால் தவறி விழுந்தார் என்பதையாவது அக்கா வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அக்காவைக் கிணற்றில் தள்ளினேன்.

மறுநாளிலிருந்து அக்கா தினமும் வர ஆரம்பித்தார். அலுவலகம் திறக்கும்போது வருவார், சாரின் அறைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்காருவார், மூடும்போது போவார். இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவார். ஒன்றைத் தொடமாட்டார். "பின்னாடி வேற படி இருக்கா?" என்று ரேடியோவிடம் கேட்டாராம். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களை, "கொஞ்சம் காட்டுங்க தம்பி," என்று நிறுத்தி, தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன். நான் எழுதுகிற ஒவ்வொரு தேதியும் அக்காவுக்கு இன்னொரு நாள் நம்பிக்கையாகிறது என்று தெரிந்தும் எழுதினேன். எழுதாவிட்டால் வெளியே நிற்கிறவரின் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்.

அக்காவின் மகள் எனக்குத் தொலைபேசினாள். வேறு ஊரில் இருக்கிறவள்.

"ஆன்ட்டி, அம்மா சிரிக்கிறாங்க," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா சட்டையெல்லாம் தோச்சு, தேச்சு வைக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லாத, அப்பா வந்துடுவாருன்னு சொல்றாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இப்படியே விட்டா அப்புறம் திருப்பிக் கொண்டுவர முடியாதுன்னு சொல்றாரு. அங்க ஆபீஸ்ல என்ன ஆன்ட்டி நடக்குது?"

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். சொல்லிவிடுவது. ஆனால் எல்லாவற்றையும் சொல்வதில்லை. கட்டிலிருந்து இரண்டு தாள்களை மட்டும் உருவி ஒரு ஃபைலில் வைத்தேன். கட்டை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். இரண்டு நாள் பயணத்துக்காக நான்கு போட்டுவிட்டுப் போனார், இரண்டு ஆயிற்று, இரண்டு மிச்சம். இதுதான் கதை. நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா வந்து ஒன்பதாவது நாள். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரம். அவரைச் சாரின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். அக்கா ஆவலோடு சுற்றிலும் பார்த்தார், அலமாரிக்குப் பின்னால்கூடப் பார்த்தார். நான் ஃபைலைத் திறந்து இரண்டு தாள்களையும் அவர் முன்னால் வைத்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. சார் இல்ல. நிஜமாவே இல்ல. இது அவர் போறதுக்கு முன்னாடியே போட்டு வச்சது. பாருங்க, தேதி இல்ல. தேதி நான் எழுதறேன். லீவுல போறப்ப எல்லாம் இப்படித்தான் போட்டுக் குடுப்பாரு. நாளுக்கு ரெண்டு. அது ரெண்டு நாள் டூர், நாலு போட்டாரு. அந்த மெழுகுவர்த்திக்காரருக்கு அதுல ஒண்ணு. இது மிச்சம்."

அக்கா தாளைத் தொட்டுப் பார்த்தார். கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார். முகத்திலிருந்த வெளிச்சம் ஒரேயடியாகப் போகவில்லை. ஏதோ இடித்தது அவருக்கு.

"நாலா?" என்றார்.

"ஆமாக்கா."

"நான் இங்க உக்காந்த ஒம்போது நாள்ல பதினெட்டு பேர் வெளியில போனாங்க. பதினெட்டு பேர்கிட்டயும் வாங்கிப் பாத்தேன். பதினெட்டுலயும் இதே கையெழுத்து." என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்லாதம்மா. ஒண்ணு அவர் இருக்கணும். இல்லேன்னா இந்த மாதிரி நிறைய இருக்கணும். எது?"

நான் போட்ட கதையின் ஆயுள் ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அக்காவைக் கொல்வேன் என்று எனக்குத் தெரிந்தது.  சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்து கட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அக்கா கட்டைப் பிரித்தார். அவசரமே படவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பி எண்ணினார்.

"இதுவும் அந்த ரெண்டும் சேத்து அறுபத்தெட்டு," என்றார். "மொத்தம் எத்தனை?"

"நூத்தியிருபது."

"நாளுக்கு ரெண்டுன்னு சொன்னே."

நான் இழுப்பறையைத் தள்ளிச் சாத்தினேன்.

"அறுபது நாள்," என்றார் அக்கா. "உன் கையெழுத்து அங்க ஏற எவ்வளவு நாளாகும்?"

"மூணு மாசம்."

சனி, ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் விரல்விட்டுக் கழித்தார். கழித்து முடித்ததும் விரல்கள் அப்படியே நின்றன. வெளியே தட்டச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சாரின் நாற்காலியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அதைப் பார்த்துக் கத்த வேண்டும்போல எனக்கு வெறி வந்தது. அந்தக் கடல்காற்றில் நிற்கும்போது அக்காவின் முகம் உனக்கு ஞாபகம் வரவில்லையா சார்? ஊரான் சரக்குக்கு இவ்வளவு யோசித்தாயே!

"மெழுகுவர்த்திக்காரருக்கு ஒண்ணு," என்றார் அக்கா. மெதுவாக, தனக்குள் சொல்வதுபோல. "கண்ணாடிச் சாமான்காரருக்கு ஒண்ணு. அந்த பட்டன் செய்யற பையனுக்கு ரெண்டு. யாருக்கும் எதுவும் தடைப்படக் கூடாதுன்னு உக்காந்து நூத்தியிருபது தடவை எழுதியிருக்காரு. கை வலிச்சிருக்கும்." மேலே இருந்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "எனக்கு ஒரு வரி எழுதியிருக்காரா?"

ஆம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. என்ன வேண்டுமானாலும் இட்டுக்கட்டியிருக்கலாம், அவருடைய பேச்சு எனக்கு அத்துபடி. ஆனால் அன்றைக்கு ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வாய் இன்னொன்றுக்குத் திறக்கவில்லை.

"தேடினேன்க்கா. எல்லா ஃபைல்லயும். காலண்டர் தாள் ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்தேன். இல்லக்கா."

அக்கா தலையை ஆட்டினார். தாள்களைத் தட்டி அடுக்கினார், ஓரங்களைச் சரிபார்த்தார், நூலை எடுத்து அவரே கட்டினார். கட்டி என் பக்கம் தள்ளினார். அந்த நேரத்தில் ரேடியோ கதவைத் தட்டி, ஒருவர் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறார் என்று சொன்னார்.

"குடு," என்றார் அக்கா. "அவங்களுக்குன்னுதானே போட்டு வச்சிருக்காரு, குடு. எவனுக்கும் நிறுத்தாத."

"நீங்க..."

"கடைசித் தாள் தீர்ற அன்னைக்கு எனக்குச் சொல்லு. அன்னைக்குத்தான் அவர் செத்தார்னு வச்சுக்கறேன். அன்னைக்கு அழுதுக்கறேன்."

எழுந்து போனார். பெஞ்சில் உட்காரவில்லை. படியிறங்கும் சத்தம் மூன்று மாடியும் கேட்டது. அதன் பிறகு அலுவலகத்துக்கு வரவேயில்லை. அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார், சட்டைகளை மடித்து உள்ளே வைத்துவிட்டார், சாப்பிடுகிறார் என்று மகள் சொன்னாள். "என்ன சொன்னீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை தோறும் காலை பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. "எத்தனைம்மா?" என்பார். நான் இழுப்பறையைத் திறந்து எண்ணிச் சொல்வேன். ஐம்பத்தேழு. நாற்பத்தெட்டு. முப்பத்தாறு. "சரி," என்று வைத்துவிடுவார்.  தாள் குறையக் குறைய அறைக்குள் அந்தச் செருமல் சத்தமும் குறைந்துவந்தது. கடைசி வாரங்களில் கேட்கவே இல்லை.

என் கையெழுத்து அந்த நாட்டுப் பட்டியலில் ஏறிவிட்டதாகப் போன மாதம் கடிதம் வந்தது. அதே வாரத்தில் சாரின் கடைசித் தாளும் போயிற்று, கண்ணாடிச் சாமான்காரருக்கு. கணக்கு ஒரு தாள்கூடப் பிசகவில்லை. நான் இப்போது என் பெயரில், என் கையால் கையெழுத்துப் போடுகிறேன். அங்கே யாரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. ஆள் மாறியதைக்கூடக் கவனித்திருக்கமாட்டார்கள்.

இந்தத் திங்கட்கிழமையும் பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. காலி இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தேன்.

"எத்தனைம்மா?"

"ரெண்டு இருக்குக்கா," என்றேன். போன திங்கட்கிழமையும் அதையேதான் சொன்னேன். அதற்கு முந்தின திங்கட்கிழமையும்.

அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிம்மா," என்றார். "மெதுவாக் குடு."